தன்னம்பிக்கை வந்த பிறகுதான் நாதஸ்வரத்தைத் தொட வேண்டுமா?

20 ஜூலை 2024, மாலை – கேள்வி

எனக்கு 23 வயது. பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே நாதஸ்வரம் என்றால் உயிர், கோயில் திருவிழாவில் மேளத்தின் பின்னாலேயே நாலு வீதியும் சுற்றுவேன். கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் இசைக்காரர்கள் யாரும் கிடையாது, நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதலில் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொண்டு அப்புறம் வகுப்பில் சேரலாம் என்று நினைக்கிறேன். அதற்கு நல்ல புத்தகமோ வீடியோவோ இருந்தால் அக்காமார்கள் யாராவது சொல்லுங்கள்.

20 ஜூலை, இரவு

புத்தகமெல்லாம் வேண்டாம். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேர 12 வயதிலிருந்து 25 வயது வரைதான். உனக்கு இப்போதே 23. தன்னம்பிக்கை வளரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அது வளர்ந்து வரும்போது உனக்கு 26 ஆகியிருக்கும், அப்புறம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?

முதலில் உனக்குப் பக்கத்தில் எந்த ஊரில் பள்ளி இருக்கிறது என்று விசாரி. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. குரலிசை, பரதம், வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்று வருடப் படிப்பு, கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். உன் பி.காம். அங்கே அதிகப்படி.

நான் நாதஸ்வரம் வாசிக்கிறவள். திருவாரூர் பக்கம். ஆடி பிறந்துவிட்டது, முகூர்த்தம் கிடையாது, அதனால்தான் இங்கே எழுத நேரம் கிடைக்கிறது. ஆவணி வந்தால் காணாமல் போய்விடுவேன், அதற்குள் கேட்க வேண்டியதைக் கேள்.

21 ஜூலை

‘உங்களுக்குப் பரம்பரை இருந்திருக்கும், அதனால் சுலபமாகச் சொல்கிறீர்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பரம்பரையா? எங்கள் அப்பா மாவு மில் வைத்திருந்தார். எங்கள் பரம்பரையில் எல்லோருக்கும் இடியாப்ப மாவின் பக்குவம் தெரியும், சுருதி தெரியாது.

வாத்தியார் கோயிலில் வாசித்து ஓய்வு பெற்றவர். ஆரம்பத்தில் வாத்தியத்தையே தரமாட்டார், வாயில் வைத்து ஊதுகிற தட்டை, சீவாளி, அதை மட்டும் கொடுத்து ஊது என்பார். அது போடுகிற சத்தம் இருக்கிறதே, கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஆரம்பப் பாடம். வீட்டில் சாதகம் பண்ண முடியாது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, எதிர்வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர். அப்பாதான் சொன்னார், மில்லின் பின்னால் தவிட்டு மூட்டை அடுக்கியிருக்கிற அறையில் போய் ஊது, மோட்டார் ஓடும்போது எவனுக்கும் கேட்காது என்று. அப்படித்தான் நான் கற்றுக்கொண்டேன். மோட்டார் போட்டால் ஊதுவேன், நிறுத்தினால் நிறுத்திவிடுவேன். மேலே தவிடு, உள்ளே தவிடு, தும்மல் வேறு.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அரிசி திரிக்க வாசல் வரை கூட்டம். நான் உள்ளே கண்ணை மூடிக்கொண்டு மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வை, எட்டப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது. என் ஷட்ஜம் நிற்கவில்லை. உடைந்த ஷட்ஜம். மில் முழுக்கக் கேட்டது.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பாட்டி, ‘ஏண்டா, உள்ள மாடு கட்டியிருக்கியா?’ என்று அப்பாவைக் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அறைக்குப் பின்வாசல் கிடையாது. வெளியே போவதென்றால் அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் போக வேண்டும், அதற்கு உள்ளேயே இருப்பது மேல் என்று இருந்தேன். இருந்தவள் சும்மா இருக்காமல் மறுபடி கீழ் ஷட்ஜத்திலிருந்து எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்று வரை தெரியாது. கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் வருகிற வரை ஊதினேன். அதே பாட்டி போகும்போது எட்டிப் பார்த்து, ‘நீதானா? நிறுத்தாம ஊது, எங்களுக்கும் பொழுது போச்சு’ என்றது.

அன்றைக்கு என்னிடம் தன்னம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் ஒரு துளி கிடையாது. இருந்தது சரளி வரிசை.

21 ஜூலை, பின்னிரவு

‘கல்யாணம் ஆச்சா?’ என்று கேட்ட மூன்று பேருக்கும்: ஆச்சு. மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன். கரண்ட் போய் மானம் போனவளுக்குக் கடவுளாகப் பார்த்து அனுப்பியது என்று எங்கள் அம்மா சொல்வாள்.

24 ஜூலை

ஒரு தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். ‘கண்ணாடி முன் நின்று தினமும் என்னால் முடியும் என்று சொல்லுங்கள், மனம் மாறும், மனம் மாறினால் எல்லாம் மாறும்.’ தம்பி, சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் நாதஸ்வரத்தில் ஏழு விரல் துளை. அதற்கு மேல் சாவி கிடையாது, கட்டை கிடையாது. அரைச் சுரம், கால் சுரம், கமகம் எல்லாவற்றையும் மூச்சாலும் உதட்டாலும் விரலால் துளையைப் பாதி மூடியும்தான் கொண்டுவர வேண்டும். உதடு சீவாளியை எவ்வளவு அழுத்துகிறது என்பதில் ஒரு மயிரிழை மாறினால் சுருதி விலகிவிடும். கண்ணாடி முன்னால் எதைச் சொன்னாலும் உதட்டுக்கு அது தெரியாது.

ஒரு கல்யாணம். நான் வாசிக்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான். எங்கள் செட்டின் தவில்காரருக்குக் காய்ச்சல், வேறொருவரை வைத்தார்கள். பெரிய ஆள், பெயர் வேண்டாம். பொம்பளைக்கு வாசிக்கணுமா என்று அரைமனதாகத்தான் வந்து உட்கார்ந்தார். வரவேற்பில் கல்யாணி ராகம் எடுத்தேன். கீர்த்தனையில் நடையை மாற்றி மாற்றிப் போட்டு, நான் எங்கே தடுக்கி விழுகிறேன் பார்ப்போம் என்று வாசித்தார். தவில் பக்கம் காதைக் கொடுத்தேனோ செத்தேன். தாளம் போடுகிற பையன் கையையே பார்த்தேன். முதல் தடவை எடுப்பு, பாட்டு தொடங்குகிற இடம், தவறியது. அடுத்த தடவை சரியாக வந்து விழுந்தேன், அதற்கடுத்ததும். சாப்பாட்டுப் பந்தியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது தைரியம் இல்லை. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை, அது யார் எப்படி வாசித்தாலும் எட்டுதான். இது தெரிந்த பிறகு எந்தத் தவில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் எனக்குப் பழைய பயம் வருவதில்லை. நீங்கள் இதைத் தன்னம்பிக்கை என்று சொன்னால் சரி, சொல்லிக்கொள்ளுங்கள். இது வந்தது கடைசியில்.

25 ஜூலை

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, இதெல்லாம் கற்பனை, இந்தக் காலத்தில் யார் பெண் என்று பார்க்கிறார்கள் என்கிறார் ஒருவர். கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபாலின் கதையைப் படித்துப் பாருங்கள். மயிலாடுதுறையில் பிறந்தவர். சென்னையில் ஹரிஹர சர்மாவின் தாளவாத்தியப் பள்ளிக்கு வயலின் கற்கப் போனவர், பக்கத்தில் கேட்ட மிருதங்கச் சத்தம் இழுத்துக்கொண்டது, அங்கிருந்து கடம். கடம் பெண் விரலுக்குக் கஷ்டம் என்று கட வித்வான் விக்கு விநாயக்ராமே முதலில் தயங்கியிருக்கிறார். அவர் வெளிநாடு போயிருந்த சமயத்தில் அவருடைய அப்பா ஹரிஹர சர்மா கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகும், பெண் கடம் என்றால் நான் மிருதங்கம் வாசிக்க மாட்டேன் என்று சொன்ன வித்வான்கள் இருந்திருக்கிறார்கள். அவர் என்ன செய்தார்? கடங்களை வரிசையாக வைத்து ராகமே வாசிக்கிற கட தரங்கம் என்று ஒன்றை உண்டாக்கினார். பெண்களை மட்டும் வைத்து ஒரு தாளவாத்தியக் குழுவையும் நடத்துகிறார். சங்கீத நாடக அகாடமி விருதும் வந்தது.

இதில் எனக்குப் பிடித்த இடம் விருது இல்லை. மண்பானையில் அடித்து விரல் தயாராகிற அந்தக் காலம், யாரும் பார்க்காதது, அதில் அவர் எப்படி இருந்தார் என்று யாராவது கேட்டு எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

28 ஜூலை

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பள்ளியை விசாரி என்று சுலபமாகச் சொல்லி முடித்திருக்கிறேன். கேள்வி கேட்ட தங்கச்சி எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள், கீழே வீட்டுக்காரர், மிக்ஸி போட்டாலே மேலே ஆள் அனுப்புகிறவர். அங்கே நாதஸ்வரம் ஊதினால் மறுநாள் வீடு காலி பண்ண வேண்டியதுதான்.

இதை யோசித்துக்கொண்டே இருந்தேன். மாவு மில் கதையை நான் எங்கே சொன்னாலும் எல்லோரும் சிரிப்பார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும், நான் என்னமோ துணிந்தவள் மாதிரி. ஆனால் அங்கே நடந்தது என்ன? எனக்கு ஊத ஓர் அறை இருந்தது. மோட்டார் இருந்தது. பெண் பிள்ளை நாதஸ்வரம் ஊதுகிறாளே என்று மில்லுக்கு வந்தவர்கள் கேட்டபோது ‘ஆமா, ஊதுறா’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் தராசைப் பார்த்த அப்பா இருந்தார். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் நான் இன்றைக்கு எங்கேயோ கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன். (கணக்கு இப்போதும் எழுதுகிறேன், அதை அப்புறம் சொல்கிறேன்.)

அதனால் தங்கச்சி, உனக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று நீயே உன்னைக் குறை சொல்லிக்கொள்வதை முதலில் நிறுத்து. உனக்கு இல்லாதது ஓர் இடம். அதைத் தேடுவோம். கோயில் மண்டபத்தில் மத்தியானம் நடை சாத்தின நேரத்தில் குருக்களைக் கேட்டுப் பார். பள்ளியிலேயே வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வர முடியுமா என்று கேள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஆற்றங்கரைப் படித்துறையில் போய் ஊதுகிறாள், மாடு மேய்க்கிறவர்கள் அவளுக்கு ரசிகர்கள்.

28 ஜூலை, இன்னொன்று

‘கன்னம் உப்பிப் போகும், முகம் விகாரமாகிவிடும், அப்புறம் எவன் கட்டுவான்?’ என்று உன் பெரியம்மா கேட்டாளாம். தங்கச்சி, உன் பெரியம்மா மட்டும் இல்லை, எல்லோருடைய பெரியம்மாவும் இதைத்தான் சொல்வார்கள். சரியாகக் கற்றுக்கொண்டால் கன்னத்தால் ஊத மாட்டாய், வயிற்றால் ஊதுவாய். என் கல்யாண போட்டோவில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

2 ஆகஸ்ட்

பஸ்ஸைப் பற்றி யாருமே பேசவில்லை, நான் பேசுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் பாதியில் விட்டதற்கு நான் பார்த்த முதல் காரணம் வெட்கமோ பயமோ இல்லை, போக்குவரத்து. வாத்தியார் ஓர் ஊரில், வீடு ஓர் ஊரில். டிக்கெட்டுக்குக் காசு கேட்கும்போதெல்லாம் ‘இன்னும் எத்தனை நாளைக்கு?’ என்று ஒரு கேள்வி கூடவே வரும். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்று வந்த பிறகு என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, யாரும் அவர்களையும் கேட்பதில்லை. எழுந்து வந்துவிடுகிறார்கள். மனசைத் தேற்றும் பேச்சு எதுவும் செய்யாததை அது செய்திருக்கிறது.

ஆனால் அது பகலுக்கு. நம் தொழில் பாதி ராத்திரியில். சுவாமி புறப்பாடு முடிந்து வாத்தியத்தைப் பையில் போடும்போது மணி பதினொன்று, பன்னிரண்டு ஆகும். அந்நேரத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் ஏது. ஆண்கள் கோயில் மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். நான் என்ன செய்வேன்? ஆரம்பத்தில் அப்பா சைக்கிளோடு வந்து உட்கார்ந்திருப்பார், தூங்கி விழுந்துகொண்டே. இப்போது செட்டை ஒத்துக்கொள்ளும்போதே திரும்பிவர வண்டி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் வாங்குகிறேன். ‘ரொம்பக் கண்டிஷன் போடுற’ என்பார்கள். போடத்தான் போடுவேன். தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு மேல் ஷட்ஜத்தை விட அதிக நாள் ஆனது.

9 ஆகஸ்ட்

ஆடிப்பூரத்துக்கு அம்மன் கோயிலில் வாசித்துவிட்டு வந்து அப்படியே தூங்கிவிட்டேன், பதில் தாமதம்.

‘அந்த மூன்று நாள் கோயில் கச்சேரி வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி, யாரும் வெளியில் கேட்பதில்லை. கோயில் என்றால் நான் போவதில்லை, எனக்குப் பதில் இன்னொருவரை அனுப்புவேன், அந்தப் பணம் அவருக்கு. மண்டபம், சபா என்றால் போய்விடுவேன். இது சரியா தப்பா என்று எனக்குள்ளேயே வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை. என்னிடம் கற்கும் ஒரு சின்னப் பெண் ‘அம்மனுக்கே பூரத்துல வளையல் போட்டு விசேஷம் பண்றோம், எனக்கு என்னக்கா?’ என்றாள். பதில் சொல்லாமல் வர்ணம் எடு என்றேன்.

பறை கற்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. திண்டுக்கல் சக்தி கலைக்குழு என்று பெண்களே அடித்து ஆடுகிற குழு பல வருடமாக இருக்கிறது. சாவு மேளம் என்று ஊர் ஒதுக்கின வாத்தியத்தை, அதுவும் பெண்கள், கையில் எடுத்தார்கள். அவர்களைப் பார்த்த பிறகு என் மாவு மில் கதையெல்லாம் எனக்கே கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

11 ஆகஸ்ட்

‘சங்கீதத்தில் பெண்களுக்கு எப்போதும் மரியாதைதான், திருவையாறு ஆராதனையில் பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆரம்பத்திலிருந்தே பாடியிருக்கிறார்’ என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். தியாகராஜருக்கு அந்தச் சமாதிக் கோயிலைத் தன் சொந்தப் பணத்தில் கட்டினவரே அந்த அம்மாள்தான், 1920-களில். கட்டின பிறகும் ஆராதனை நடத்திய இரண்டு கட்சிக்காரர்களும் பெண்கள் பாடக் கூடாது என்றுதான் சொன்னார்கள். அதன் பிறகு அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவதாகப் பெண்கள் கட்சி என்று தனி ஆராதனையே நடத்தினார். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது 1940-ஐ ஒட்டித்தான். கட்டடம் அவருடையது, வாசலில் நிறுத்தப்பட்டவரும் அவரே. இதை மரியாதை என்றால் நான் என்ன சொல்ல.

பெண்கள் மட்டும் என்று இல்லை, நாதஸ்வரமே அப்படித்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வரும் வரை மேளக்காரர் என்றால் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், சட்டை போடக் கூடாது. அவர் குடுமியை எடுத்து கிராப் வைத்தார், சட்டை போட்டார், மேடை போடுங்கள் உட்கார்ந்து வாசிக்கிறேன் என்றார். போட்டார்கள். ஏன் போட்டார்கள்? அவர் வாசிக்கிற தோடி ராகம் அப்படி. அதே தைரியத்தைத் தோடி இல்லாத ஒருவர் காட்டியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இதை நியாயம் என்று சொல்லவில்லை, இரண்டு பக்கமும் யோசிக்கிறேன். நன்றாக வாசித்தால்தான் உட்கார நாற்காலி என்பது அநியாயம்தான், சுமாராக வாசிக்கிறவனுக்கும் கால் வலிக்கும்.

மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாய் அம்மாளை ஏன் சொல்லவில்லை என்று இரண்டு பேர் கோபப்பட்டிருக்கிறீர்கள். சொல்லாமல் எப்படி? ஆண்கள் மட்டுமே வாசித்துக்கொண்டிருந்த சித்திரைத் திருவிழாவில் நாதஸ்வரம் வாசித்தவர். ஸ்ரீரங்கத்தில் இருக்கிற காலீஷாபி அம்மாளையும் சொல்ல வேண்டும், ஷேக் சின்ன மௌலானாவிடம் கற்றவர், கணவர் மெகபூப் சுபானியோடு ஜோடியாக வாசிக்கிறார், 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ இருவருக்கும். இத்தனை பேர் வழி போட்ட பிறகும் கல்யாண மண்டப வாசலில் என்னைப் பார்த்து ‘வாசிக்கிறவங்க எப்ப வருவாங்கம்மா?’ என்று கேட்கிறார்கள். ‘இதோ வந்துட்டேங்க’ என்று உள்ளே போய்விடுவேன்.

13 ஆகஸ்ட்

பணம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மனசுக்குப் பிடித்ததைச் செய், வேலையை விடு என்று சொல்கிறவர்களை நம்பாதே. ஆடியில் முகூர்த்தம் இல்லை. புரட்டாசியில் இல்லை. மார்கழியில் இல்லை. தை, மாசி, வைகாசி, ஆவணியில் ஒரே நாளில் நாலு பேர் கூப்பிடுவார்கள், உடம்பு ஒன்றுதான். செட் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி, பேசின தொகை அத்தனை பேருக்கும் பிரியும், வண்டி வாடகை தனி. புதிதாக வருகிறவளுக்கு இரண்டாம் நாதஸ்வரம்தான் தருவார்கள், பங்கும் அதற்கேற்ற மாதிரி.

நான் இன்றும் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி முகூர்த்த நாளில் விடுப்பு தருவார், பதிலுக்கு அவர் பேத்தி காதுகுத்துக்கு நான் காசு வாங்காமல் வாசித்தேன். ‘அப்போ நீங்கள் முழுநேரக் கலைஞர் இல்லையா?’ என்றால், சரி, இல்லை. ஆனால் ஆடி மாதத்தில் நான் யாரிடமும் கைமாற்று வாங்குவதில்லை. பேசின பணத்தைக் குறைத்துக் கொடுக்கிற இடத்துக்கு மறுபடி போவதில்லை. பேங்கில் கொஞ்சம் பணம் கிடக்கிறபோது எனக்கு வருகிற தைரியம் வேறெந்த வழியிலும் வந்ததில்லை.

அதனால் வங்கித் தேர்வை விடாதே. எழுது. கிடைத்தால் போ. இசைப்பள்ளி பகல் வகுப்பு, வேலை கிடைத்தால் அதில் இடிக்கும், உண்மைதான். அப்போது தனி வாத்தியாரிடம் விடியற்காலை போகலாம். பூபாளம் வாசிக்கிற நேரம் அது, வாத்தியார்களுக்கும் அந்நேரம்தான் நல்ல கோபம் வரும்.

14 ஆகஸ்ட்

‘நீங்கள் அந்தப் பெண்ணை ஊக்கப்படுத்தாமல் பயமுறுத்துகிறீர்கள்.’ இருக்கலாம். அவளிடமே கேளுங்கள்.

14 ஆகஸ்ட், மாலை

கேட்டாயிற்று. ‘பயமாக இல்லை அக்கா, இப்போதுதான் எதைச் சமாளிக்க வேண்டும் என்று தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறாள். தம்பி, போய்க் கண்ணாடியைப் பாருங்கள்.

18 ஆகஸ்ட்

ஆவணி பிறந்துவிட்டது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. சாதி பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது, இரண்டு வரியில் சொல்லக் கூடியது இல்லை, ஆனாலும்: இது இசை வேளாளர், மருத்துவர் என்கிற சாதிகளைச் சேர்ந்த குடும்பங்கள் தலைமுறையாகக் காப்பாற்றின கலை. வெளியிலிருந்து வந்த எனக்கு என் வாத்தியார் கற்றுக்கொடுத்தார், ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கிடைக்கிற கைத்தட்டல் அவருடைய சொந்தப் பேத்திக்குக் கிடைக்கவில்லை என்பதையும் பார்த்தேன். ‘பரவாயில்லையே, நீயும் வாசிக்கிறாயே’ என்று என்னைப் பாராட்டியவர்கள் அவளை ‘இது உங்க குலத்தொழில்தானே’ என்று விட்டுவிட்டார்கள். அவள் என்னைவிட நன்றாக வாசிக்கிறவள். இப்போது நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள்.

மீதி அப்புறம்.

25 ஆகஸ்ட்

தங்கச்சி போய் வந்துவிட்டாளாம். இந்த வருடம் வகுப்பு தொடங்கி நாளாகிவிட்டது, ஆசிரியரைப் பார்த்துப் பேசியிருக்கிறாள், உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஊதச் சொன்னார்களாம், காற்றுதான் வந்ததாம். எல்லோருக்கும் காற்றுதான் வரும்.

அவள் கேட்டிருப்பது: சொந்த வாத்தியம் இப்போதே வாங்கலாமா? வேண்டாம். பள்ளியில் இருக்கிறதில் பழகு. வாங்குகிற காலம் வரும்போது ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை, நேரில் போய் ஊதிப் பார்த்து வாங்க வேண்டும். ஆச்சா மரத்தில் கடைவார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற காய்ந்த மரம்தான் நல்லது என்று தேடி வாங்குவார்கள், புது மரம் வெடித்துவிடும். 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயர் பரவிவிட்டது. திமிரி என்கிற குட்டை நாதஸ்வரம் வேண்டாம், பாரி என்கிற நீளமானதை வாங்கு, கச்சேரிக்கு அதுதான். முதலில் கை எட்டாத மாதிரி இருக்கும், பழகிவிடும்.

சீவாளி மட்டும் உனக்கென்று தனியாக இப்போதே வைத்துக்கொள், வாயில் வைக்கிற சாமான், அடுத்தவருடையதை வாங்கி ஊதாதே. திருவாவடுதுறையில் நாணல் தட்டையில் செய்கிறார்கள். ஒன்று வாங்காதே, நாலைந்தாக வாங்கு, அதில் ஒன்றிரண்டுதான் உன் உதட்டுக்கு ஒத்துவரும். நனைத்து, கொஞ்சம் ஊறவிட்டு ஊது, காய்ந்தபடி ஊதினால் பிளந்துவிடும். வியாழக்கிழமை அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கிறது, நான் எனக்கு வாங்கும்போது உனக்கும் சேர்த்து வாங்கிவிடவா? முகவரியைத் தனியாக அனுப்பு, இங்கே போடாதே.

25 ஆகஸ்ட், இரவு

எனக்கும் ஒன்று என்று அதற்குள் ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் கடை வைக்கவில்லை. இந்தத் தங்கச்சிக்கு மட்டும்தான். அந்தக் கண்ணாடித் தம்பி நிஜமாகவே ஊதப் போவதாக இருந்தால் சொல்லட்டும், பார்க்கலாம். காலையில் நாலு மணிக்கு வேன்.